கூட்டக்கூடாத எண்கள்

மார்ச் 4

சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நலம். அங்கேயும் எல்லோரும் நலம் என்று உங்கள் மருமகள், அதாவது என் மகள், சொன்னாள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் தொலைபேசியில் கத்தியது உங்கள் வீட்டுக் கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். அதற்கு நான் வருந்தவில்லை. நீங்கள் சொன்னதும் எனக்கு நன்றாகவே கேட்டது. "சம்பந்தியம்மா, பொத்தான் எண்ணுற கணக்கு வேற, புள்ளிவிவரம் வேற. எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க." பின்னால் யாரோ சிரித்தார்கள். என் மகளாக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, எழுத்தில் கொடுக்கிறேன்.

எங்கள் பழைய சந்தைக்குப் பக்கத்தில் உங்கள் வாரியம் கட்டிய புது வளாகம் தயாராகிவிட்டது. எங்கள் அறுபத்துநான்கு கடைகளும் அங்கே மாற வேண்டும். கீழ்த்தளத்தில் இருபது, மிச்சமெல்லாம் மாடியில். யாருக்கு எந்தத் தளம் என்று மதிப்பெண் போட்டுப் பட்டியல் ஒட்டியிருக்கிறீர்கள். என் பொத்தான் கடைக்கு நாற்பத்தொரு மதிப்பெண், முப்பத்தோராம் இடம், மாடி. பட்டியலின் அடியில் புள்ளிவிவரப் பிரிவுக் கண்காணிப்பாளர் என்று உங்கள் கையெழுத்து.

மாடிக்கு முப்பத்தெட்டுப் படிகள். நானே ஏறி எண்ணினேன். என்னிடம் வாங்குகிறவர்கள் தையல்காரர்கள். முப்பது வருஷம் மிஷின் மிதித்த முழங்கால்கள். ஒருவரே ஒரு நாளில் நாலு முறை, ஐந்து முறை வருவார். முதலில் நூல், அப்புறம் அதற்கு ஏற்ற பொத்தான், மாலையில் ஒரு ஜிப். அவர்கள் முப்பத்தெட்டுப் படி ஏறமாட்டார்கள். தெருமுனையில் இன்னொரு கடை இருக்கிறது, அங்கே போவார்கள். ஒரு வருஷத்தில் என் கடை மூடப்படும். அழுவதற்காக இதை எழுதவில்லை. நடக்கப்போவதைச் சொல்கிறேன்.

கழுத்தில் தட்டு மாட்டி, வீடு வீடாகப் பொத்தான் விற்று, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பிடித்த கடை இது. நாற்பத்தொன்று எப்படி வந்தது என்று தெரிய வேண்டும். தெரியாமல் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


மார்ச் 9

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் 4ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. சிரித்தது என் தம்பி. அவனைக் கண்டித்துவிட்டேன்.

மதிப்பெண் முறை முழுக்க முழுக்க விதிப்படியானது. ஒவ்வொரு கடைக்கும் நான்கு விவரங்கள் சேகரிக்கப்பட்டன. ஒன்று, வணிக வகை எண். இரண்டு, வாடிக்கையாளர் திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்து வரை. மூன்று, ஒரு நாளைய வாடிக்கையாளர் எண்ணிக்கை, பத்துப் பேருக்கு ஒரு மதிப்பெண். நான்கு, கடை நடத்திய ஆண்டுகள், இரண்டு ஆண்டுக்கு ஒரு மதிப்பெண். நான்கையும் கூட்டினால் மொத்தம். இதில் யாருக்கும் பாரபட்சம் இல்லை. கூட்டல் கணினி செய்தது.

புள்ளிவிவரம் என்பது அனுபவத்தால் வருவதல்ல, படித்து வருவது. ஆகவே தங்களுக்கு உதவும் பொருட்டு, எங்கள் ஊழியர் பயிற்சிக் கையேட்டிலிருந்து "மாறிகளும் தரவு வகைகளும்" என்ற பகுதியின் இரண்டு பக்கங்களை இணைத்துள்ளேன். கடைக்குக் கடை, ஆளுக்கு ஆள் மாறுகிற எந்த விவரமும் மாறி எனப்படும். அவை எல்லாம் ஒரே வகை அல்ல. நிதானமாகப் படிக்கவும். புரியாவிட்டால் பரவாயில்லை.

வீட்டில் அனைவரும் நலம். தங்கள் மகள் என்னிடம் மூன்று நாட்களாக "ஆமாம் மாமா, இல்லை மாமா" என்பதற்கு மேல் பேசுவதில்லை. அது தங்கள் ஏற்பாடா?

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


மார்ச் 15

சம்பந்தி அவர்களுக்கு,

என் ஏற்பாடு இல்லை. அவள் பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கத்தையும் ஆறு தடவை படித்தேன். முதல் இரண்டு தடவை ஒன்றும் ஏறவில்லை. அதை எழுதியவர் ஒரு நாள்கூடக் கடையில் உட்கார்ந்திருக்க மாட்டார். மூன்றாவது தடவை ஒவ்வொரு சொல்லுக்கும் என் அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் சிக்கல் இல்லை. அதில் உள்ள எல்லா வகையும் என்னிடம் ஸ்டாக் இருக்கிறது.

பெயரளவை என்று முதலில் போட்டிருக்கிறது. எண் இருக்கும், ஆனால் அது வெறும் பெயர். என் நூல்கண்டுகளில் நிற எண் இருக்கிறது. இருநூற்றுப் பதினான்கு கிளிப்பச்சை. இருநூற்றுப் பதினைந்து ரத்தச் சிவப்பு. சிவப்பு பச்சையைவிட ஒன்று கூடுதலா? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் என்ன நிறம் வரும்? எந்த நிறம் அதிகமாக விற்கிறது என்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

அடுத்தது வரிசை அளவை. எது முன்னால், எது பின்னால் என்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. மிஷின் ஊசி பதினொன்றைவிடப் பதினாறு தடிமன். ஆனால் இருபத்திரண்டாம் நம்பர் ஊசி பதினொன்றைப்போல இரு மடங்கு தடிமன் இல்லை. துணியில் குத்திப் பார்த்தால் தெரியும்.

விகித அளவை பொத்தான் அகலம், அதை லைன் கணக்கில் அளப்போம். நாற்பது லைன் பொத்தான் இருபது லைனைப்போலச் சரியாக இரண்டு மடங்கு. பூஜ்யம் என்றால் பொத்தானே இல்லை. காலருக்கு ஒட்டும் துணியில் இஸ்திரிச் சூடு அச்சடித்திருக்கும், அதுவும் இந்த வகைதான். இருநூறு டிகிரி நூறு டிகிரியைப்போல இரு மடங்கு சூடு.

பொத்தானை முழுசாகத்தான் எண்ண முடியும், அரைப் பொத்தான் கிடையாது. அது தனித்த மாறி. நாடாவை எந்த இடத்திலும் வெட்டலாம். அது தொடர் மாறி. சரிதானே?

இப்போது உங்கள் நாலு விவரத்துக்கு வருகிறேன். வணிக வகை எண் என்று முதலில் இருக்கிறதே. துணிக்கடைக்கு ஒன்று, தையல் சாமானுக்கு இரண்டு, இப்படியே போய் மின்சாமானுக்குப் பன்னிரண்டு. அது என் நூல்கண்டில் உள்ள எண் மாதிரிதானே சம்பந்தி? அதை எப்படிக் கூட்டினீர்கள்?

பொத்தான் எண்ணுகிற,
உங்கள் சம்பந்தி


மார்ச் 22

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தாங்கள் காலர் துணியின் இஸ்திரிச் சூட்டை விகித அளவையில் சேர்த்தது தவறு. பூஜ்யம் டிகிரி என்றால் சூடே இல்லை என்று பொருள் அல்ல. அது நாம் வைத்துக்கொண்ட ஒரு குறி. ஆகவே நூறுக்கும் இருநூறுக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லலாம், மடங்கு சொல்லக் கூடாது. இதற்குப் பெயர் இடைவெளி அளவை. கையேட்டில் தெளிவாகவே உள்ளது. அரைகுறையாகப் படித்து முடிவுக்கு வருவது ஆபத்து.

பட்டியல் கையெழுத்தாகி ஒட்டப்பட்டுவிட்டது. கையெழுத்தான பட்டியலை ஒருவர் வினாவின் பேரில் திறப்பது வழக்கமில்லை.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


மார்ச் 27

சம்பந்தி அவர்களுக்கு,

டிகிரி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. என்னுடையது தப்பு. பார்த்தீர்களா, தப்பு என்று எழுத எனக்கு ஒரு வரிதான் ஆனது. நீங்களும் பழகிப் பாருங்கள்.

நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. காலரைப் பற்றிப் பேசிவிட்டுச் சட்டையை மறைத்துவிட்டீர்கள்.

அறிவிப்புப் பலகையில் விவரப் பட்டியலும் இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி நின்று பிரதி எடுத்தேன். காவலாளி, "என்னம்மா, பரீட்சை ரிசல்ட்டா?" என்றார். "ஆமா, உங்க ஆபீசருக்கு" என்றேன்.

பக்கத்து விளக்குக் கடைக்காரருக்கு வகை எண் பன்னிரண்டு. திருப்தி மூன்று. நாளுக்கு நூற்றெண்பது வாடிக்கையாளர், அதற்குப் பதினெட்டு. பதினெட்டு வருஷம், அதற்கு ஒன்பது. மொத்தம் நாற்பத்திரண்டு. எனக்கு வகை எண் இரண்டு. திருப்தி நாலு. வாடிக்கையாளர் இருநூற்று நாற்பது, அதற்கு இருபத்துநாலு. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பதினொன்று. மொத்தம் நாற்பத்தொன்று. எல்லாவற்றிலும் நான் மேலே, பட்டியலில் அவர் மேலே.

அவர் விளக்கு விற்பதால் பன்னிரண்டு. நான் நாளைக் காலையில் பொத்தானை வீசிவிட்டு பல்பு மாட்டினால் எனக்குப் பத்து மதிப்பெண் கூடுமா? கூடும் என்றால் எழுத்தில் சொல்லுங்கள், இன்றைக்கே ஏணி வாங்குகிறேன். கூடாது என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள்.

பதில் வரும்வரை நான் புதுக்கடை ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடப்போவதில்லை. வாரிய ஆள் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 6

சம்பந்தியம்மாவுக்கு,

இதை அலுவலகத் தாளில் எழுதவில்லை. கவனித்திருப்பீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பென்சிலால் அறுபத்துநான்கு கடைக்கும் முதல் பத்தியை அடித்துவிட்டுத் திரும்பக் கூட்டினேன். உங்கள் மகள் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டு எண்களைப் படித்தாள். ஒரு வார்த்தைகூட வேறு பேசவில்லை. முடிந்ததும், "மாமா, அம்மா பதினொண்ணாவது" என்றாள். விளக்குக் கடை முப்பது மதிப்பெண்ணுக்கு இறங்கிவிட்டது.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். வகை எண் கோப்புகளைப் பிரித்து அடுக்குவதற்காக வைத்தது. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. கட்டத்தில் எண் இருந்தது. கூட்டச் சொன்னோம், கணினி கூட்டியது. எண் என்று கண்ணில் பட்டால் அது அளவு என்று கை நம்பிவிடுகிறது. ஒன்பது வருஷமாக அந்தக் கையேட்டைப் புது ஊழியர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். என் கையெழுத்து என் பாடத்துக்கு எதிராகவே விழுந்திருக்கிறது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். நான் இப்போது பட்டியலைத் திறந்தால் முதலில் கீழ்த்தளத்துக்கு வருவது யார்? என் சம்பந்தி. "சொந்தத்துக்காக மாத்திட்டாரு" என்று அறுபத்துமூன்று பேரும் சொல்வார்கள், வாரியமும் சொல்லும். ஓய்வுபெற எனக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது. வேறு யாராவது மனு கொடுத்தால் உடனே எடுத்துக்கொள்வேன். துணிக்கடைக்காரருக்கு வகை எண் ஒன்று. அவருக்கும் மதிப்பெண்ணில் நஷ்டம்தான். அவரைக் கேட்டுப் பார்க்க முடியுமா?

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

சம்பந்தி


ஏப்ரல் 11

சம்பந்திக்கு,

துணிக்கடைக்காரரைக் கேட்டேன். "எனக்கு ஏற்கெனவே கீழ்த்தளம் கிடைச்சாச்சும்மா, எதுக்கு வம்பு?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் அந்த இடத்தில் இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஆகவே மனு நானே கொடுக்கிறேன். ஆனால் நீங்கள் பயப்படுகிற மாதிரி இல்லாமல் கொடுக்க ஒரு வழி கிடைத்திருக்கிறது. வழி எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இரண்டு நாள் சும்மா இருந்தேன். யோக்கியமானவள் மாதிரி எழுத விருப்பமில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

உங்கள் கையேட்டில் இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: எண்ணத் தொடங்கும் முன் எதை எண்ணுகிறோம் என்று எழுதி வைக்கவும். அதைத் தாண்டித் தாண்டிப் படித்திருந்தேன். முந்தாநாள் அதில் போய்க் கண் நின்றுவிட்டது.

என் கடையில் ஒரு பழக்கம் இருக்கிறது. தையல்காரர் நிறம் பார்க்கத் துணியில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வருவார். நூல் கொடுத்ததும் அந்தத் துண்டை வாங்கி மேசைக்குப் பக்கத்து ஆணியில் குத்திவிடுவேன், நாளைக்கு அதே நிறம் மறுபடி கேட்டால் தேட வேண்டாம் என்று. ராத்திரி கடை சாத்தும்போது ஆணியில் இருப்பதை எண்ணுவேன். அதுதான் என் "வாடிக்கையாளர் எண்ணிக்கை". உங்கள் ஆள் படிவத்தோடு வந்து கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். இருநூற்று நாற்பது. பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு தையல்காரர் எட்டுத் துண்டோடு வருவார். எட்டு துண்டு, ஒரே ஆள். நான் எட்டு வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக.

நேற்று ஆட்களை எண்ணினேன். தொண்ணூறு.

இத்துடன் மனு இருக்கிறது. இரண்டு குறை சொல்லியிருக்கிறேன். ஒன்று, வகை எண்ணைக் கூட்டியது தவறு. இரண்டு, தையல் சாமான் கடை கொடுத்த வாடிக்கையாளர் எண்ணிக்கை தவறு, அதைக் கொடுத்தது நான்தான். சம்பந்திக்காகப் பட்டியலைத் திறந்தார் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டாவது பத்தியைக் காட்டுங்கள். தன் மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லி மனு கொடுக்கிற சொந்தம் யாருக்கு இருக்கிறது?

இனிமேல் உங்களுக்குச் சாக்கு இல்லை.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 18

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் மனுவை வாரியத் தலைவர் முன் வைத்தேன். வகை எண்ணைக் கூட்டியது என் பிழை என்று கோப்பில் நானே எழுதினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்த அம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். சொன்னேன். "இப்படி ஒரு சம்பந்தி இருந்தா எதிரியே வேண்டாமேய்யா" என்றார். பட்டியல் ரத்து.

அதோடு நிற்கவில்லை. உங்கள் ஆணிக் கதையைப் படித்ததும், மற்றவர்கள் எப்படி எண்ணினார்கள் என்று ஆளனுப்பி விசாரித்தேன். துணிக்கடைக்காரர் ரசீதுகளை எண்ணியிருக்கிறார். புத்தகக் கடைக்காரர் நின்று புரட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களையும் சேர்த்திருக்கிறார். பாத்திரக் கடைக்காரர் "ஒரு குத்துமதிப்பா சொன்னேன் சார்" என்கிறார். ஒரே பத்தி, அறுபத்துநான்கு விதமான பொருள். அளவை வகையில் நான் தவறியது ஒன்று. எதை அளக்கிறோம் என்பதையே படிவத்தில் எழுதாமல் விட்டது அதைவிடப் பெரிய தவறு.

ஆகவே எல்லாக் கடைகளிலும் வாரியமே எண்ணப்போகிறது. ஒரு ஆளை ஒரு நாளில் ஒரு முறைதான் கணக்கில் எடுப்போம். இதுதான் நேர்மை என்று எனக்குப் படுகிறது. ஆனால் சொல்லியாக வேண்டும், தொண்ணூறு பேர் என்றால் நீங்கள் இருபத்தொன்பதாம் இடத்துக்குப் போவீர்கள் என்று தோராயமாகத் தெரிகிறது. மாடிதான்.

இதை எழுத வருத்தமாக இருக்கிறது. உங்கள் மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

சம்பந்தி


ஏப்ரல் 21

சம்பந்திக்கு,

வருத்தத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். எண்ண ஆரம்பித்துவிடாதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த உடனே நிறுத்துங்கள்.

துண்டை எண்ணியது என் தப்பு. தலையை எண்ணப்போவது உங்கள் தப்பு. நாம் இந்தப் பட்டியலை எதற்குப் போடுகிறோம்? எந்தக் கடைக்கு மாடிப்படி அதிகமாகத் தடையாக இருக்குமோ அதைக் கீழே வைக்கத்தானே? அப்படியானால் எண்ண வேண்டியது ஏற்றத்தை. ஒரு தையல்காரர் ஒரு நாளில் ஐந்து தடவை வந்தால் ஆள் ஒன்று, ஆனால் படி ஏறுவது ஐந்து முறை. அவருடைய முழங்காலுக்கு உங்கள் கணக்குப் புரியாது.

கடை வாசலை வெளியிலிருந்து உள்ளே ஒருவர் தாண்டினால் ஒன்று. மறுபடி தாண்டினால் இன்னொன்று. வாங்கினாரா, புரட்டினாரா, சண்டை போட்டாரா என்று பார்க்க வேண்டாம். அறுபத்துநான்கு வாசலுக்கும் இதே விதி. இதைப் படிவத்தின் தலையில் ஒரு வரியாக எழுதுங்கள்.

இதில் எனக்கு எவ்வளவு வரும் என்று தெரியாது. தலையைவிடக் கூடுதலாக வரும், துண்டைவிடக் குறையும். போதுமா, போதாதா என்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டால் அது வியாபாரம்.

இன்னொன்று. திருப்தி ஒன்றிலிருந்து ஐந்து என்கிறீர்களே, அது ஊசி நம்பர் வகை. ஒருவர் சொன்ன நாலு, இன்னொருவர் சொன்ன இரண்டைப்போல இரு மடங்கு சந்தோஷமா? அதை வருஷத்தோடு எப்படிக் கூட்டுவீர்கள்? எனக்கு அதில் நல்ல எண்தான் வந்திருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் சம்பந்தி


மே 12

சம்பந்தியம்மாவுக்கு,

நிறுத்தினேன். விதியை மாற்றினேன். நீங்கள் எழுதிய வரியை அப்படியே படிவத்தின் தலையில் போட்டோம். "வாங்கினாரா, சண்டை போட்டாரா" என்பதை மட்டும் எடுத்துவிட்டேன்.

திருப்தி பற்றி நீங்கள் சொன்னதும் சரி. அது வரிசை அளவை. கூட்டலில் இருந்து எடுத்தாயிற்று. இரண்டு கடைக்குச் சமமாக வந்தால் மட்டும் அதைப் பார்ப்போம்.

மூன்று நாள் எல்லா வாசலிலும் ஊழியர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். உங்கள் கடை வாசலில் இருந்தவர் குறிப்புப் பத்தியில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு தையல்காரர் மூன்று முறை காரணமின்றி உள்ளே வந்து போனார். கடை உரிமையாளர் அவரை, 'அண்ணே, வேலை இல்லாம வாசல் தாண்டாதீங்க, அடி ஸ்கேலால முட்டியிலயே போடுவேன்' என்று விரட்டினார். அந்த மூன்றையும் கழிக்கச் சொன்னார். கழித்தேன்." இதைத் தலைவர் சத்தமாகப் படித்தார். அலுவலகத்தில் அரை மணி நேரம் வேலை நடக்கவில்லை.

மூன்று நாள் சராசரி உங்களுக்கு நூற்றறுபது. அதற்குப் பதினாறு, வருஷத்துக்குப் பதினொன்று, மொத்தம் இருபத்தேழு. இருபதாம் இடம். கீழ்த்தளத்தின் கடைசிக் கடை உங்களுடையது.

பிழைக்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. "கூட்டக்கூடாத எண்ணைக் கூட்டினேன்" என்று ஒரு வரியில் பதில் கொடுத்தேன். நீங்கள் சொன்னது உண்மைதான். ஒரு வரிதான் ஆனது.

புதுப் பட்டியல் இன்று ஒட்டப்படுகிறது. ஆட்சேபம் இருப்பவர்கள் பத்து நாளுக்குள் எழுதித் தரலாம். உங்கள் மகள் நேற்று என்னோடு ஒரு மணி நேரம் பேசினாள். பெரும்பாலும் உங்களைப் பற்றிப் புகார்தான்.

அன்புடன்,
சம்பந்தி


மே 14

சம்பந்திக்கு,

உங்கள் கடிதமும் பட்டியலும் ஒரே நாளில் வந்தன. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தையல்காரர்கள் கூடி எனக்கு ஒரு நாற்காலி வாங்கித் தருகிறார்களாம். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நேற்று மாலை இரும்புச் சாமான் கடைக்காரர் வந்தார். ஆணி, சங்கிலி, குழாய் எல்லாம் விற்பவர். நான் கடை பிடிப்பதற்கு மூன்று வருஷம் முன்பிருந்தே சந்தையில் இருக்கிறார். அவருக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டரை, வாசல் தாண்டியதற்குப் பதினாலு. இருபத்தாறரை. இருபத்தொன்றாம் இடம். பட்டியலில் பார்த்தால் நான் இருபது, அவர் இருபத்தொன்று, அவ்வளவுதான் தெரியும். இடையில் இருப்பது அரை மதிப்பெண், அதாவது ஒரு நாளைக்கு ஐந்து பேர். அதை வரிசை எண் சொல்வதில்லை.

அவர் என்னைத் திட்ட வரவில்லை. சும்மா உட்கார்ந்து டீ குடித்தார். "நீங்க ஜெயிச்சது சரிதாம்மா. என்கிட்ட வர்றவன் கையை வீசிட்டுத்தான் மேல ஏறுவான். இறங்கும்போதுதான் பாவம், அஞ்சு கிலோ ஆணி தோள்ல இருக்கும்" என்றார். என்னிடம் வருகிறவர் எடுத்துப்போவது ஒரு கண்டு நூல். சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

ராத்திரி முழுக்க அந்த ஐந்து கிலோ என் மண்டையில் இருந்தது. நாம் ஏற்றத்தை எண்ணினோம். இறக்கத்தை எண்ணவில்லை. எதைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. அது எடை. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை, பத்து கிலோ ஐந்து கிலோவைப்போல இரு மடங்கு. தாராளமாகக் கூட்டலாம், பெருக்கலாம்.

என் கடையை அவருக்கு விட்டுக்கொடுக்கப்போவதில்லை. அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் எண்ணாமல் விட்ட ஒன்றின் மேல் உட்கார்ந்து வியாபாரம் செய்ய எனக்கு வராது. எடையைச் சேர்த்த பிறகும் என் மதிப்பெண் நின்றால் அந்தக் கடை என்னுடையது. நிற்காவிட்டால் மாடியில் எப்படி வியாபாரம் செய்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். தையல்காரர்களிடம் சொல்லிவிட்டேன். ஒருவர் "உங்களுக்கு என்னம்மா பைத்தியமா?" என்றார். இன்னொருவர் நாற்காலியைக் கொஞ்ச நாள் கழித்து வாங்கலாம் என்கிறார்.

அவருடைய ஆட்சேப மனுவை இதோடு வைத்திருக்கிறேன். எழுதியது நான், கையெழுத்து அவருடையது. பத்து நாள் அவகாசத்தில் இன்று இரண்டாவது நாள்.

உங்கள் சம்பந்தி